பிச்சைமணியின் நாலு கோடி இலக்கம்

“ஒயர்ல கைய வச்சே, தெரியும் சேதி.”

“வச்சா என்ன செய்வீங்க? மாமாவுக்க மெஷினு இன்வெர்ட்டர்ல ஓடட்டும். உங்க கம்ப்யூட்டர சாதா பிளக்ல மாட்டுங்க.”

“கரண்டு போச்சுன்னா இருநூத்தி முப்பது நாளு கணக்கும் போச்சுட்டி.”

மேலகரத்தில் பிச்சைமணி வீட்டுச் சண்டை எதிர்வீடு வரை கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்துகொண்டார்கள். பிச்சைமணியின் மனைவி மாரிச்செல்வியின் மாமனார் மாடன் நுரையீரல் பழுதாகி, ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். கணக்கு வாத்தியாரான பிச்சைமணிக்கு வேறு நோய். இதுவரை யாரும் காணாத பெரிய பகா எண்ணை, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாத எண்ணைக் கண்டுபிடிக்கப் போகிறாராம். பதின்மூன்று கோடிச் சொச்சம் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால், நாலு கோடி இலக்கத்துக்கு மேல் வரும். அதைச் சோதிக்க அத்தனை கோடிப் படிகள். ஒவ்வொரு படிக்கும் முந்தின படியின் விடை வேண்டும். இதற்கென்று இருக்கும் ப்ரோக்ராம்கள் நடுநடுவே சேமித்துக்கொள்ளுமாம். ஊரான் எழுதினதை வாத்தியார் தொடுவாரா? சொந்தமாக எழுதினார். சேமிக்கும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சின்ன இன்வெர்ட்டர், இரண்டையும் தாங்காது.

“இன்னும் ரெண்டே நாளு. லீவு போட்டு இங்கனயே இருக்கேன். கரண்டு போனா நானே அப்பா மெஷினுக்குப் பிளக்க மாத்திருதேன்.”

மாரிச்செல்வி நம்பினாள். இருபத்தைந்து வருஷத்தில் அவர் கூட்டல் தப்பி அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மருந்து வாங்கத் தென்காசிக்குப் போனாள். சாரல் காற்றில் குற்றாலம் ரோட்டில் மரம் சாய்ந்து, கரண்டு லைன் அறுந்து, பஸ்ஸும் நின்றுபோனது. நடந்தே வந்தாள். வீட்டுக்குள் ஃபேன் சுற்றவில்லை. மெஷின் சத்தமும் இல்லை. கம்ப்யூட்டர் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதன் முன்னால் பிச்சைமணி.

“எவ்வளவு நேரமாச்சு?”

“இப்பதான். அஞ்சு நிமிஷத்துல வந்துரும்னு…”

“பத்தேகாலுக்கே போச்சுல்லா. இப்ப பதினொன்னேகாலு,” என்றாள் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் குருவம்மாள். கரண்டு போன கொஞ்ச நேரத்தில் சுவரைத் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. மறுபடியும் சண்டையோ என்று காது கொடுத்தாள். பேச்சு ஒன்றும் வராததால் போய்விட்டாள்.

மாடன் கை சுவரோரம் சில்லிட்டுக் கிடந்தது.

மதியம் கரண்டு வந்தது. கம்ப்யூட்டரை அணைக்கப் போனவர்களை மாரிச்செல்விதான் தடுத்தாள். “ஓடட்டும். மாமா உசுரு எதுக்காகப் போச்சுன்னு பாத்துருவோம்.”

மறுநாள் சுடுகாட்டில் காடாற்றி வந்த சாயங்காலம் கணக்கு முடிந்தது. விடை பூஜ்யம் வந்தால் பகா எண். பூஜ்யம் வரவில்லை.

“அப்ப எதால வகுபடும்?”

“அத இந்தச் சோதனை சொல்லாது. கண்டுபிடிக்க ஒரு ஆயுசு பத்தாது.”

“யாரு ஆயுசு?” என்றாள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் மாரிச்செல்வி, மகள் சத்யபிரியாவோடு அச்சன்புதூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வருஷம் திரும்பியதும் சத்யபிரியாவைத் திருவேங்கடத்துப் போலீஸ்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பத்திரிகையில் தகப்பன் பெயர் இருந்தது; தாரை வார்த்தது தாய்மாமன். பிச்சைமணி ஓசூர்ப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கேள்வி.