முப்பத்தேழாவது படம்

அத்தா இறந்தபின் இருந்த இத்தா முடிந்த மறுநாள் காலை, அம்மா முதல் வேலையாக பீரோவைத் திறந்து அத்தாவின் கேமராவை எடுத்து என் மடியில் வைத்தாள். நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருந்தவள், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம்கூட அதிகம் பேசாதவள், அன்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"மெஹக், இதுக்குள்ள உங்கத்தா சிரிச்சிட்டு இருக்காரு. பாலவாக்கம் பீச்சுல நான்தான் எடுத்தேன். எப்படியாவது வெளிய எடு."

அத்தா எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் ஆல்பம் ஆல்பமாக உண்டு. அத்தா மட்டும் எதிலும் இல்லை. கேமராவை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார். நிக்காஹ் படங்களிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்; அத்தாவின் முகம் பூச்சரத்துக்குள். ஆக, அம்மாவும் அத்தாவும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. மிஞ்சியது பாஸ்போர்ட் போட்டோதான். அதில் யாரையோ அடிக்கப் போவதுபோல முறைத்துக்கொண்டிருப்பார். மனிதர் ஒரு பூனையைக்கூட அப்படி முறைத்ததில்லை.

கேமரா, அவர் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது லண்டனில் வாங்கியது. சட்டை, சாக்ஸ், பீங்கான் தட்டு எல்லாம் விற்கிற பெரிய கடை, கேமராவுக்கும் தன் பெயரையே வைத்து விற்றிருக்கிறது. நெற்றியில் 'ஹார்விங்' என்று வெள்ளை எழுத்து. பெயர்பெற்ற ஜப்பான் கேமரா வைத்திருந்த அமீன் மாமாவுக்கு அது போதும்.

"இன்னா மச்சான், தி.நகர் துணிக்கடைப் பை மாதிரி இதுலயும் கடை பேரு கீது?"

"உன்னுதுக்கு வெறும் கம்பெனிதான் கீது மச்சான். என்னுதுக்குக் கடையே கீது" என்பார் அத்தா.

அந்தப் பெயர்தான் கடைசியில் கழுத்தை அறுத்தது. நான் பிறப்பதற்கு முந்திய வருஷம், பாலவாக்கத்திலிருந்து திரும்பிய கையோடு கேமரா இறுகிப்போனது. ஃபிலிமைச் சுற்றவும் முடியவில்லை, பின்மூடியைத் திறக்கவும் முடியவில்லை. செய்த கம்பெனி எதுவென்றே தெரியாமல் பார்ட்ஸுக்கு எங்கே போவது, வேண்டுமானால் உடைத்துப் பார்க்கலாம் என்றார்கள் போன இடத்திலெல்லாம். உடைக்க அத்தாவுக்கு மனசு வரவில்லை. ஃபிலிமோடு பீரோவில் வைத்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே காலம் போய்விட்டது.

கோடம்பாக்கத்தில் சினிமா கேமராக்களைப் பழுதுபார்க்கும் செம்பியனிடம் கொண்டுபோனோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்போனில் எதையோ தேடினார்.

"பேருதான்மா கடைக்காரனுது. உள்ள இருக்குற மெஷினு ஜப்பான்காரன் செஞ்சு குடுத்தது" என்று சொல்லி ஒரு கம்பெனியின் பெயரையும் சொன்னார். அமீன் மாமாவின் கேமராவைச் செய்த அதே கம்பெனி. இதைக் கேட்க அத்தா இல்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செம்பியன் கேமராவை வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் விட்டு, பையின் கைகளுக்குள் தன் கைகளை நுழைத்து வேலை செய்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபிலிம் ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சிகீது. அந்தத் துண்டுதான் உள்ள மாட்டிக்கினு இருந்துகீது" என்றார். "ரோல் முடிஞ்சப்புறமும் புடிச்சு இழுத்துகீறாங்கோ. அதுக்கப்புறம் எடுத்தது எதுவும் தனியா விழுந்திருக்காதும்மா."

இழுத்தது அத்தாவேதான். முப்பத்தாறு படத்துக்கு மேல் ஒன்று ஓசியில் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஒவ்வொரு ரோலிலும் இழுத்துப் பார்த்துவிடுவார்.

ஆட்டோவில் அடையாறு வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் அம்மா சொன்னாள்.

"என்னை எடுத்தாரு. அதோட முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். இல்ல ஜஹீதா, இன்னும் ஒண்ணு இருக்கும்னு இழுத்து என் கையில குடுத்தாரு. அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சாரு."

அடுத்த வாரம் செம்பியன் கழுவி அனுப்பியதில் பாதிக்கு மேல் வெறும் மூட்டம். கடைசிப் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார். ஊதா படிந்த மணலில் அம்மா, முக்காடு காற்றில் பறக்க, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அதே மணலில், அவள்மேலேயே, கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிற அத்தா. பல் தெரியச் சிரிக்கிறார். ஃபிலிம் நகரவே இல்லை. அவர் அவளை எடுத்ததும், அவள் அவரை எடுத்ததும் ஒரே இடத்தில் விழுந்திருந்தன.

அம்மா படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவரை மட்டும் பார்க்க வேண்டுமென்று, தான் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தாள். பாதி அத்தாவும் சேர்ந்து மறைந்தார். விரலை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். பிறகு எடுத்துவிட்டாள்.