பதினோரு வருஷ வரப்பும் ஒரு ராக்கெட் உருண்டையும்

ராக்கெட்டைப் பற்றிப் பக்கிரிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதைப் பக்கிரியே சொல்வார். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் செல்போனோடு உட்கார்ந்தால், ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு தனியார் கம்பெனி ராக்கெட் விட்டுக்கொண்டிருக்கும். அதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அரசாங்கம் மட்டும் ராக்கெட் விட்ட காலம் மலையேறிவிட்டது, இப்போது குத்தாலம் மினி பஸ்ஸைவிட ராக்கெட் ஒழுங்காகப் போகிறது என்பது அவர் கட்சி. மேலே போன ராக்கெட்டின் கீழ் அடுக்கு திரும்பி வந்து, நடுக்கடலில் மிதக்கும் படகில் கால் ஊன்றி நிற்பதை டீக்கடையில் விவரிக்கும்போது எழுந்து நின்று, தானே மெல்ல இறங்கியும் காட்டுவார்.

அப்பேர்ப்பட்டவர் வயலில்தான் அது விழுந்தது. வயலில் என்று சொன்னால் சண்டை வரும். வரப்பில் விழுந்தது.

அந்த வரப்புக்கு வடக்கே பக்கிரியின் நிலம். தெற்கே அவருடைய சித்தப்பா மகன் சாமிதுரையின் நிலம். நடுவில் இருக்கும் வரப்பு யாருடையது என்று பதினோரு வருஷமாகத் தாலுகா ஆபீசில் இரண்டு பேரும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நடவுக்கு முன்னாலும் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி, புதுச் சேறு பூசிப் பலப்படுத்துவது எல்லோரும் செய்கிற வேலை. இவர்கள் செதுக்குவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் வடக்கே இரண்டு விரல் செதுக்கினால் அவர் தெற்கே மூன்று விரல் செதுக்குவார். பதினோரு வருஷத்தில் வரப்பு இளைத்துப்போய், அதில் நடப்பவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

சண்டை உண்மையில் மண்ணுக்காக இல்லை. வரப்பின் தலையில் வாய்க்கால் மடை இருக்கிறது. பலகையை இந்தப் பக்கம் தூக்கினால் பக்கிரிக்குத் தண்ணீர், அந்தப் பக்கம் தூக்கினால் சாமிதுரைக்கு. வரப்பு யாருக்கோ மடை அவருக்கு. தீர்ப்பு வரும்வரை யார் முதலில் எழுந்து வருகிறாரோ அவர் திறந்துகொள்வது என்று நடந்தது. அதனால் கோழிகூட எழுந்திருக்காத நேரத்தில் அந்த ஊரில் இரண்டு பேர் எழுந்துவிடுவார்கள். எதிரெதிரே பார்த்தாலும் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடமோ மண்வெட்டியிடமோ சொல்வார்கள், மற்றவர் கேட்டுக்கொள்வார்.

அந்தப் புதன்கிழமை பக்கிரி முந்திக்கொண்டார். முந்தியே ஆக வேண்டும். அவருடைய குறுவை நாற்றுக்கு இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வருகிறார்கள். அன்றைக்கு விட்டால் அடுத்து பத்து நாள் கழித்துத்தான் அவர்கள் கிடைப்பார்கள், அதற்குள் நாற்று முற்றிப் பாழாகிவிடும். வயலுக்குத் தண்ணீர் விட்டுச் சேறடிக்க இன்னும் இரண்டே நாள்.

வந்து பார்த்தால் வரப்பின் நட்ட நடுவில், மடைக்கு நாலு முழம் தள்ளி, இட்லிப் பானை அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை பாதி புதைந்து கிடந்தது. மேலெல்லாம் கருகிய நூல் சுற்றியிருந்தது. ஊரில் வேறு யாராக இருந்தாலும் வெடிகுண்டு என்று ஓடியிருப்பார்கள். பக்கிரி கையைக் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ராக்கெட்டோட மேல் அடுக்கு. கேஸ் அடைச்சு வைக்கிற டாங்கி" என்று மண்வெட்டியிடம் சொன்னார்.

ஒன்பது மணிக்குள் ஊரே கூடிவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து டிவிக்காரர்களும் வந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் பக்கிரிக்கு மனசு குளிர்ந்தது.

"நடுக்கடல்ல, அலையில ஆடுற படகுல, அடி பிசகாம இறக்குறவங்க. அவங்க பொருளு என் வரப்புல வந்து இறங்கியிருக்குன்னா சும்மாவா? வரப்பு யாருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தாலுகா ஆபீசுக்குத்தான் தெரியல."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சாமிதுரை தன் மாட்டைப் பார்த்துச் சொன்னார். "சரிஞ்சிருக்குறது எந்தப் பக்கம்னு பாரு. தெக்குப் பக்கம். தெக்கு யாருதுன்னு உனக்குத் தெரியும்." மாட்டுக்குத் தெரிந்திருக்கலாம், அது ஒன்றும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் மாலதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இரண்டு பேரின் மனுக்களையும் வைக்க ஆபீசில் தனி அலமாரி வைத்திருப்பவர். கையில் தாசில்தார் உத்தரவும் தடுப்பு ரிப்பன் கட்டு ஒன்றும் இருந்தன.

"உள்ள விஷ எரிபொருள் மிச்சம் இருக்கலாமாம். விண்வெளித் துறை ஆளுங்க வந்து பாக்குற வரைக்கும், இது எந்த சர்வே நம்பர்ல விழுந்திருக்கோ அந்த நிலத்துல யாரும் கால் வைக்கக் கூடாது. பத்து நாளும் ஆகலாம், பதினஞ்சு நாளும் ஆகலாம். யாரு நிலம், சொல்லுங்க."

விஷம் பட்டா பார்த்துத்தான் பரவும் என்பது தாலுகா ஆபீசின் நம்பிக்கை. பக்கிரி அதைக் கேட்டுச் சிரிக்கிற நிலையில் இல்லை. பதினைந்து நாள் என்றதும் அவர் கண்ணுக்கு முன்னால் நாற்று மஞ்சளாகிவிட்டது.

"சாமிதுரை நிலங்க" என்றார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாலதியும் பார்த்தார். "ஐயா, பதினோரு வருஷமா..."

"அது ஏதோ ஒரு வேகத்துல போட்ட மனு. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லங்க. வரப்பு முச்சூடும் அவன் நிலம்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"பேனா கொடுங்க."

பக்கிரி எழுதினார். வரப்பு முழுவதும் சாமிதுரையின் பட்டாவைச் சேர்ந்தது, தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கேட்காமலே கட்டை விரலும் வைத்தார். சாமிதுரை குதிப்பார் என்று அவர் எதிர்பார்த்தார். சாமிதுரையோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாட்டிடம் சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். அவருடைய நாற்றுக்குப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் பத்து நாள் தாராளமாகக் காத்திருக்கும் என்பதைப் பக்கிரி ஜெயித்த மயக்கத்தில் யோசிக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் திறக்கப் போனபோதுதான் பார்த்தார். ரிப்பன் சாமிதுரையின் வயலைச் சுற்றி, வரப்பைச் சுற்றி, மடையையும் சுற்றியிருந்தது. உடனே மாலதிக்குப் போன் போட்டார்.

"மடை வரப்புலதானே இருக்கு. வரப்பு அவர் நிலம்னு நீங்கதானே ஐயா எழுதியிருக்கீங்க. உங்க பழைய மனுவோட சேத்து மேல அனுப்பிட்டேன். கேஸ் முடிஞ்சிடுச்சு."

வீட்டில் மனைவி மங்களாம்பிகை விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டைப் பக்கிரியின் முன்னால் நகர்த்தினார். "போன்ல ராக்கெட் பாத்த நேரத்துக்கு, உங்க தம்பி நாத்தங்காலை ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கலாம்" என்றார். பக்கிரி அன்றைக்கு ராக்கெட் பார்க்காமல் படுத்தார்.

பதினைந்து நாள்கூட ஆகலாம் என்ற விண்வெளித் துறை ஆட்கள் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பரணிதரன் என்ற இளம் விஞ்ஞானி கையுறை மாட்டி, ஒரு கருவியை விட்டு உருண்டையை முகர்ந்து பார்க்கச் செய்து, "ஒண்ணுமில்ல, காலி டாங்கி" என்று உருண்டையைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். இருபது நிமிஷ வேலை. ரிப்பனை அவிழ்த்துவிட்டார்கள்.

"தம்பி, இனிமே இது யாருக்குச் சொந்தம்?" என்று பக்கிரி கேட்டார்.

"விட்ட கம்பெனிக்குத்தாங்க ஐயா. விண்வெளிக்குப் போன பொருள் உலகத்துல எங்க விழுந்தாலும் சொந்தம் மாறாது."

"எங்க விழுந்தாலுமா? மனு எதுவும் போட வேண்டாமா?"

"வேண்டாங்க."

பக்கிரிக்கு அடிவயிற்றிலிருந்து பொறாமை வந்தது. "இன்னொண்ணு இதே எடத்துல விழுமா?"

"இப்ப எல்லாரும் விடுறாங்க, விழுறதும் கூடத்தான் செய்யும். ஆனா இதே எடத்துல கோடியில ஒரு வாய்ப்புகூட இல்லைங்க."

ஜீப் போய்விட்டது. மடைக்கட்டையின் மேல் சாமிதுரை உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு ஜெராக்ஸ் எட்டிப் பார்த்தது. அதில் தன் கட்டை விரல் ரேகை பளிச்சென்று விழுந்திருப்பது பக்கிரிக்கு இங்கிருந்தே தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. விடிந்தால் நடவு ஆட்கள் வருவார்கள்.

பக்கிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு மண்வெட்டியிடம் ஆரம்பித்தார். "நாத்து காயுது..."

சாமிதுரை திரும்பவில்லை.

பக்கிரிக்கு அவமானத்தில் காது சுட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"தம்பி."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. சாமிதுரை எழுந்துவிட்டார்.

"சொல்லுங்கண்ணே."

"கொஞ்சம் தண்ணி விடுப்பா."

"யாரு மடைண்ணே இது?"

"உன் மடைதான்டா. அதான் கைநாட்டும் வெச்சுக் கொடுத்துட்டேனே."

சாமிதுரை பலகையை வடக்குப் பக்கம் தூக்கினார். தண்ணீர் குபுகுபுவென்று பக்கிரியின் வயலுக்குள் இறங்கியது. "வயசான நாத்து, மொதல்ல குடிக்கட்டும்" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கு வயலில் இறங்கி, உருண்டை கிடந்த பள்ளத்தைத் தூர்த்தார். தூர்த்ததோடு நிற்கவில்லை. தன் வயல் சேற்றை வெட்டி வெட்டி எடுத்து, வரப்பின் இரண்டு பக்கமும் கனமாகப் பூச ஆரம்பித்தார். சொந்த வரப்பை யாராவது செதுக்குவார்களா?

மறுநாள் நடவு. பக்கிரி இரண்டு கையிலும் நாற்று முடிகளைத் தூக்கிக்கொண்டு அந்த வரப்பில் நடந்தார். கையை விரிக்கவில்லை, கால் வழுக்கவில்லை. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருப்பது எரிச்சலாகவும் இருந்தது.

பின்னால் வந்த மங்களாம்பிகை தலைச்சுமையோடு ஒரு கணம் நின்று, அகலமான வரப்பையும் மேலே வானத்தையும் பார்த்தார்.

"பதினோரு வருஷம் முன்னாடியே விழுந்து தொலைச்சிருக்கக் கூடாதா" என்றார்.