முகச்சட்டத்தின் மூலைகள்

கருமுகில் திரண்டு கதிரவனை மறைத்த நண்பகலில், கூரைகள் தோளோடு தோள் உரசி நின்ற நெடுந்தெரு ஒலியடங்கிக் கிடக்க, அதன் கோடியிலிருந்த பட்டறையில் மட்டும் இழைப்புளியின் ஓசை, அரவு மூச்செறிவதுபோல் எழுந்தெழுந்து தணிந்தது. அறிவுசால் அன்பரே, அங்கு ஒருங்கே தொழில் புரிந்த தச்சனும் அவன் மனைவியும் தம் சிறுமகளின் ஆடைகளுக்கென ஆளுயர அலமாரியாய் நெடும்பேழை ஒன்றைச் சமைத்துக்கொண்டிருந்தனர். உடல் முடிந்தது, அதன் முன்வாயைச் சூழும் முகச்சட்டத்தின் மூலைகளைப் பிணைக்கும் வகையே எஞ்சியிருந்தது.

"பின்பக்கம் சாய்வா திருகாணி போட்டா பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றான் அவன்.

அண்மையில் அடுத்த தெருவில் ஒரு குழந்தை பற்றித் தொங்கிய அலமாரிச் சட்டம், திருகாணியோடு பிளந்து வீழ்ந்ததைக் கண்டவள் அவள். அக்காட்சி நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. "நம்ம பொண்ணுகிட்ட குரங்கே பாடம் கேக்கும். கழுந்து வச்சே பூட்டுவோங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவனும் இசைந்தான். குறுக்குச்சட்டங்களின் முனைகளைத் துளைக்குள் புகும் கழுந்தாகச் செதுக்கி, நெடுஞ்சட்டங்களில் துளை பொளிந்து, பசை தடவி இறுக்க, மூலைகள் உடன்பிறந்த எலும்பென ஒன்றின. பேழையை மகளின் அறையில் நிறுத்தியபின், தாய் முதன்முறையாக நிம்மதியுற்றாள்.

மறுநாட் காலை அவ்வறையினின்று எழுந்த மரத்தின் நீண்ட முனகல் கேட்டு அவள் விரைந்தாள். கதவங்களைத் திறந்து, அடித்தட்டில் கால் ஊன்றி, மேற்சட்டத்தைப் பற்றித் தொங்கினாள் மகள். பேழையோ, வேரற்ற மரம்போல் மெல்ல முன்னே சாய்ந்துகொண்டிருந்தது. தாய் பாய்ந்து, தன் தோளை அதற்கு முட்டுக்கொடுத்தாள். பளு அவளைத் தரைநோக்கி அழுத்தியது.

"கண்ணு, அசையாத. அம்மா புடிச்சிருக்கேன்," என்று தாழ்குரலில் உரைத்துவிட்டு, உயிரெல்லாம் திரட்டிக் கணவனை அழைத்தாள்.

அவன் ஓடிவந்து மகளைப் பறித்தெடுத்து அப்பால் விட்டு, பேழையைத் தள்ளி நிமிர்த்தினான்.

"அம்மா, அலமாரி நடந்து வந்துச்சு," என்றாள் சிறுமி.

தச்சன் சட்டத்தைத் தடவிப் பார்த்தான். மூலைகளில் மயிரிழைப் பிளவும் இல்லை. அவை இறுகி நின்றதனாலேயே பேழை முழுதும் பெயர்ந்து வந்தது. அதனைச் சுவரோடு பிணைக்க இருவரும் எண்ணவேயில்லை.

"மூலையத்தான் பாத்தோம். சுவரைப் பாக்கலயே," என்றான் தச்சன். நெடிய திருகாணிகளால் அவன் பேழையைச் சுவரில் பூட்டி முடிக்கும்வரை, அவள் அதனைத் தாங்கி நின்றாள்.

அச்சம் விழிப்பின் தாய் என்பர் சான்றோர். எனினும் அத்தாயும் ஒரு வாயிலையே உற்றுக் காத்திருந்து, மற்றொன்றைத் திறந்தே விட்டுவிடுவதுண்டு. பேழை இன்று இம்மியும் அசைவதில்லை. ஆயினும் அவ்வறையைக் கடக்குந்தோறும் அவள் நின்று, ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்தே செல்கிறாள்.