காயம்படாத கரடிக்கு இரண்டு சதவீதம்

முன்கை எலும்பு நொறுங்கினால் ஆற அறுபது நாள் என்று மிர்வா எழுதி வைத்திருந்தாள். மூன்று நாள் போதும் என்றான் சாம்ப்சா. இந்தச் சண்டை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. ஸ்வீடனுக்குப் பக்கத்து நாட்டில், கயானி ஊரில், ஐந்தே பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்யும் அந்த அலுவலகத்தில், மற்ற மூன்று பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தப்பித்துக்கொண்டார்கள்.

ஆட்டம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவன் பனிக்காலம் முடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். கையில் வில் உண்டு, காட்டில் மானும் உண்டு, கரடியும் உண்டு. வேட்டையாடினால் சாப்பாடு, கரடியிடம் மாட்டினால் காயம். இரண்டில் எது எவ்வளவு என்று நிறுத்துப் போடுவது மிர்வாவின் வேலை.

"இதைப் பாரு," என்று சாம்ப்சா திரையை அவள் பக்கம் திருப்பினான். "கரடி கையைக் கடிக்குது. வில்லை இழுக்க முடியல. மான் கிடைக்கல. பத்தாம் நாள் பட்டினியில சாவு. சோதிச்சுப் பார்த்த நாப்பது பேர்ல முப்பத்தொரு பேர் இப்படித்தான் செத்திருக்காங்க. ஒருத்தன் எழுதியிருக்கான், இதைச் செஞ்சவங்களுக்கு என் மேல என்ன கோபம்னு."

"கரடி கடிச்சா அப்படித்தான் இருக்கும்."

"நிஜத்துல இருந்துட்டுப் போகட்டும். விளையாட வந்தவன் ரெண்டு மாசம் கிழங்கு தோண்டிட்டா இருப்பான்?"

"மூணு நாள்ல ஆறினா அப்புறம் எவன் கரடிக்குப் பயப்படுவான்?"

"சரி, நாம ரெண்டு பேரும் கத்த வேண்டாம். உன் தம்பியைக் கூப்பிட்டிருக்கேன். மத்தியானம் வரான். கடி வாங்கின ஆளே சொல்லட்டும், எத்தனை நாள்னு."

சாம்ப்சா கெட்டவன் இல்லை. எதை எங்கே பேசலாம் என்ற கணக்கு மட்டும் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. தனக்கு நல்ல யோசனை வந்துவிட்டதாக நினைத்து விசிலடித்தபடி போனான். மிர்வா அட்டவணையில் இருந்த அறுபதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் செப்டம்பரில் நடந்தது அது. வேட்டைச் சங்கத்தில் பத்து பேர். அதில் மிர்வா ஒருத்திதான் பெண். தம்பி இல்போவின் நாய் தெஸ்ஸு காட்டுக்குள் கரடியை மறித்துக் குரைத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சுற்றிவர அவரவர் இடத்தில் நின்றார்கள். கரடி சதுப்பு ஓரமாக வெளியே வந்தது, மிர்வாவுக்கு நேராக. சுட்டாள். கரடி ஒரு குலுங்கு குலுங்கித் திரும்பவும் தேவதாரு மரங்களுக்குள் போய்விட்டது.

சுட்டவர் உடனே போய்க் கரடி நின்ற இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும், பார்த்ததை ரேடியோவில் சொல்ல வேண்டும். இது அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். மிர்வாவும் போனாள், மண்டியிட்டாள். பாசி முழுக்கக் காட்டுச் செம்பழம் பழுத்துக் கிடந்தது. கணுக்கால் உயரச் செடி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பழம். எங்கே பார்த்தாலும் சிவப்பு. அதில் ஒரு சிவப்பு மட்டும் உருண்டையாக இல்லை, இலையில் நீளமாக இழுபட்டிருந்தது. யாரோ மிதித்து நசுங்கிய பழம் என்று அவள் நினைத்தாள். நினைத்தாள் என்பது பாதி உண்மை. நினைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அவளுடைய முதல் கரடி அது. அரைகுறையாகச் சுட்டவள் என்று ஒன்பது ஆண்களும் பனிக்காலம் முழுக்கச் சிரிப்பார்கள்.

"படல," என்றாள் ரேடியோவில். "குண்டு மேல போயிடுச்சு."

படவில்லை என்றால் வேட்டை நிற்காது. பட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலைவர் ரெய்யோ எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தியிருப்பார். இல்போ நாயின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் நுழைந்தான். கால் மணி நேரத்தில் தெஸ்ஸு அவனை நோக்கி ஓடி வந்தது, பின்னாலேயே கரடி. அவனுடைய வலது கையை அது முழங்கை வரைக்கும் மென்றுவிட்டது. ரெய்யோவும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்து சுட்டு வீழ்த்தினார்கள். அத்தனை குண்டு பட்ட உடம்பில் கூடுதலாக ஒரு ஓட்டை இருப்பதை யாரும் தேடவில்லை.

நாய்க்குத்தான் பழி வந்தது. பயந்தாங்கொள்ளி நாய், கரடியை முதலாளி மேலேயே கொண்டுவந்து விட்டுவிட்டது என்றார்கள். இல்போவும் நம்பினான். மிர்வா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு என்று இருந்தாள். நாளைக்கு என்பது பதிமூன்று மாதமாக ஓடிவிட்டது.

மத்தியானம் இல்போ வந்தான். கோட்டுக்கு ஜிப் போட முடியாமல் திறந்தே விட்டிருந்தான். தலையில் ஈரப்பனி.

"எங்கடா கார்?"

"கீழதான். நாய் உள்ள இருக்கு. காபி இருக்கா, இல்ல அதுவும் கம்ப்யூட்டருக்குள்ளதானா?"

காபி கொடுத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். சாம்ப்சா எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போனான். இல்போ இடது கையால் விளையாடினான். வலது கை மடியில் சும்மா கிடந்தது.

"ஏய், இந்த மான் என்ன இப்படி நின்னு போஸ் கொடுக்குது? சொந்தக்காரனா?"

"ஆரம்பத்துல சுலபமா வச்சிருக்கோம்."

"காத்து என் பின்னால இருந்து அடிக்குது. நிஜ மானா இருந்தா இந்நேரம் ஸ்வீடன் போயிருக்கும்."

அவன் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. மிர்வாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு மான், ஒரு முயல் அடித்தான். ஓடையைத் தாண்டினான். புதருக்குள்ளிருந்து கரடி வந்தது. திரை ஆடியது, சிவந்தது. 'வலது முன்கை நொறுங்கியது' என்று எழுத்து வந்தது.

இல்போ கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான்.

"நிறுத்திடவா?" என்றாள்.

"வேண்டாம். எத்தனை நாள்ல ஆறும்?"

"நான் அறுபதுன்னு வச்சிருக்கேன். சாம்ப்சா மூணுங்கறான்."

"மூணு நாளா? அந்த மருந்து எந்தக் கடையில கிடைக்குதுன்னு கேட்டுச் சொல்லு, ஒரு டஜன் வாங்கிக்கறேன்." சொல்லிவிட்டுப் பக்கத்துத் திரையைப் பார்த்தான். அங்கே அவளுடைய அட்டவணை திறந்து கிடந்தது. அதை மூடாமல் விட்டதற்காக மிர்வா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இது என்ன? கரடி பாயும் வாய்ப்பு. காயம்படாத கரடி, ரெண்டு சதவீதம். காயம்பட்ட கரடி, எண்பது." அவன் வரியில் விரலை வைத்துப் படித்தான். "இதையெல்லாம் நீயா போட்டே?"

"ஆட்டத்துக்காக ஒரு கணக்கு."

"சரியாத்தான் போட்டிருக்கே. சும்மா இருக்கற கரடி மனுஷனைக் கண்டா ஓடத்தான் பார்க்கும். எனக்குன்னு பார்த்து அந்த ரெண்டு வந்து சேர்ந்துச்சு." கீழே இன்னும் தேடினான். "நாய் கரடியைக் கூட்டிட்டு வர்றது எங்க? அந்த வரியே இல்லையே. தெஸ்ஸு மாதிரி ஒரு நாய் இருந்தா இந்த ரெண்டை எவ்வளவு ஆக்குவே?"

அவன் காபியைக் குடித்து முடித்தான்.

"நாய் விஷயமாத்தான் நானும் வந்தேன். இந்த ஆட்டமெல்லாம் சாக்கு." குரல் இறங்கியது. "ரெண்டு பேர் வாங்கிக்கறேன்னு சொன்னாங்க. ரெய்யோகிட்ட விசாரிச்சதும் வேண்டாம்னுட்டாங்க. யார் எடுப்பா? கூண்டுலயே கிடக்கு. எங்கயாவது துப்பாக்கிச் சத்தம் கேட்டா ராவும் பகலும் ஊளை. சனிக்கிழமை முடிச்சிடலாம்னு இருக்கேன்."

"நாய் டாக்டர்கிட்டயா?"

"டாக்டர் வாசலைப் பார்த்தாலே நடுங்கும். வேட்டை நாயை அப்படி அனுப்பக் கூடாது. காட்டுல, ஒரே குண்டு. நானே பண்ணணும்." வலது கையைக் கண்ணால் காட்டினான். "இதை வச்சுக்கிட்டு முடியாது. வேற எவனையும் கேட்க மனசில்ல. நீ பண்ணு, மிர்வா."

"நானா?"

"கரடியைத்தான் கோட்டை விட்டே. இது ரெண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும், உன்னாலகூடத் தவற விட முடியாது."

கிண்டலாகத்தான் சொன்னான். அவளைக் கொஞ்சம் சிரிக்க வைத்தால் அவனுக்கும் கேட்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருப்பான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சனிக்கிழமைக்குப் பிறகு நாயும் இருக்காது, காட்டில் நடந்ததைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நினைப்பு ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தனக்கு அது நிம்மதியாக இருந்ததைக் கண்டு அவளுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது.

"நான் கோட்டை விடல," என்றாள்.

"என்ன?"

"கரடியை. அது மேல பட்டிருந்துது, இல்போ. இலையில ரத்தம் இருந்துச்சு. செம்பழம்னு நினைச்சேன். இல்ல, செம்பழம்னு வச்சுக்கிட்டேன். படலன்னு ரேடியோவுல சொல்லிட்டேன். தெஸ்ஸு மேல ஒரு தப்பும் இல்ல. அடிபட்ட கரடி அதைத் துரத்திட்டு வந்துச்சு. எந்த நாயா இருந்தாலும் ஓடித்தான் வந்திருக்கும்."

இல்போ அவளைப் பார்க்கவில்லை. அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேட்டைக்காரன் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டான்.

"எங்க பட்டுச்சு?"

"பின்பக்கம்னு நினைக்கறேன். குலுங்குச்சு."

"நீ அங்க மண்டி போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"மண்டி போட்டுப் பார்த்தா யாருக்கும் தப்பாது. சின்னப் புள்ளைக்கும் தெரியும், எது பழம் எது ரத்தம்னு."

"தெரியும்."

"ரெய்யோ வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து நாயைத் திட்டினாங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான் கையில கட்டோட உட்கார்ந்திருந்தேன். நீதான் எல்லாருக்கும் காபி ஊத்தினே." குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் மிர்வா தாங்கிக்கொண்டிருப்பாள். "எனக்கும் ஊத்தினே. சர்க்கரை கலக்கி விட்டே, என்னால கலக்க முடியாதுன்னு."

"இல்போ..."

அவன் எழுந்துகொண்டான். வழியில் சாம்ப்சா மீட்டிங் முடிந்து வந்து, "என்ன முடிவு? எத்தனை நாள்?" என்று உற்சாகமாகக் கேட்டான். இல்போ அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். மிர்வா கோட்டுகூட எடுக்காமல் பின்னாலேயே படியிறங்கினாள்.

கீழே சகதியும் பனியுமாக வாகனம் நிறுத்துமிடம். இல்போ காரின் பின்கதவைத் தூக்கி, கூண்டின் தாழை இடது கையால் தள்ளினான். தெஸ்ஸு கறுப்பும் வெள்ளையுமாக உள்ளே சுருண்டு கிடந்தது.

"தெஸ்ஸு," என்றான். "வாம்மா. வா."

நாய் எழுந்தது, வரவில்லை. பின்னால் நகர்ந்து கூண்டின் மூலையோடு ஒட்டிக்கொண்டது. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு அவனுடைய கையை மட்டும் பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒன்பது மாதமாக அந்தக் கை அதைத் தடவியதே இல்லை, சோற்றுத் தட்டைக்கூட அவன் காலால்தான் தள்ளினான். அவன் மறுபடி கூப்பிட்டான். வலது கையைத் தூக்கி உள்ளே நீட்டப் பார்த்தான், அது பாதிக்கு மேல் எழும்பவில்லை. நாய் இன்னும் ஒடுங்கியது.

அப்போது அது மிர்வாவைப் பார்த்தது. இல்போ ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் அதற்கு வேளா வேளைக்குச் சோறு வைத்தவள் அவள்தான். வால் ஆட ஆரம்பித்தது. கூண்டிலிருந்து தாவி இறங்கி, இல்போவின் காலைத் தாண்டி ஓடி, அவள் முட்டியில் முன்காலை வைத்து ஏறி, குளிரில் விறைத்திருந்த அவள் விரல்களை நக்கியது.

மிர்வா கையை இழுத்துக்கொண்டாள். அது விடாமல் நக்கியது. இல்போ கூண்டுக் கதவைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.