ஆறு பேர் சொம்பு

சித்திரை பதினொன்றாம் தேதி, திருத்தணி மலையடிவாரத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த ஜெபசெல்வி அண்ணாந்து ஊற்றிய தண்ணீர், வாய்க்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அன்று எலுமிச்சம்பழம் ஒன்று பத்து ரூபாய் விற்றது. மேஸ்திரி, சித்தாள் எல்லாம் சேர்த்து ஆறு பேருக்கு அங்கே ஒரே குடம், ஒரே சொம்பு. யாரும் உதடு வைப்பதில்லை. ஊர்ப் பழக்கங்களை எழுதிப்போக வந்திருந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, தமிழைப் புத்தகத்தில் படித்தவள், அதைப் பார்த்துவிட்டு, "ஏன் உதடு படாமல் அருந்துகிறீர்கள்? தீட்டா?" என்று கேட்டாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தண்ணீர் நின்றது. சொம்பைக் கீழே வைத்த பிறகும் கண்ணாடிக் குச்சி மாதிரி அந்தரத்திலேயே நின்றது.

மற்ற ஐந்து பேருக்கும் இறங்கியது. அவளுக்கு மட்டும் மூன்று நாளாக இறங்கவில்லை. கூழும் தர்பூசணியுமாக ஓட்டினாள், உதடு வெடித்தது. ஊற்றியதெல்லாம் நின்றதில், ஜல்லிக் கூடையோடு வந்தவர்கள் குனிந்து போக வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் தூக்கிய கை. இப்போது தூக்கும்போதெல்லாம், எதிரே உட்கார்ந்து தன்னைத் தானே வேடிக்கை பார்ப்பது போலிருந்தது. மேஸ்திரி ஆதிகேசவன், "உதட்ட வெச்சுதான் குடியேன் செல்வி. நீ செத்து கித்து வெச்சா போலீசுக்கு நான் என்னான்னு சொல்லுவேன்?" என்றார். வெளிநாட்டுக்காரி மனம் கேட்காமல் புது தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிவந்து, "இது உங்களுக்கு மட்டும்" என்று நீட்டினாள்.

"எனக்கு மட்டுமா" என்றாள் ஜெபசெல்வி. அவள் அம்மா தபிதாள் களையெடுக்கப் போன வீட்டில், அம்மாவுக்கு மட்டும் என்று ஒரு கொட்டாங்கச்சி வேலியில் செருகியிருக்கும். "ஒசரத்துலர்ந்து எங்கம்மாவுக்கு அதுல ஊத்துனாங்க பாரு, அதாம்மா தீட்டு. எனக்குப் பின்னாடி அஞ்சு பேரு காத்துகினு நிக்கறாங்க, அவங்களுக்காக நான் தூக்கிக் குடிக்கறேன். இது மரியாத. உன் நோட்டுல ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா நோட்ட மாத்து." பாட்டிலைத் திறந்து கலவையில் ஊற்றினாள்.

பிறகு சொம்பைத் தூக்கி அண்ணாந்தாள். தண்ணீர் நின்றது. இறங்கட்டும் என்று இந்த முறை அவள் காத்திருக்கவில்லை. கையை நீட்டிக் கரும்பு மாதிரி ஒடித்தாள். ஏழு துண்டு. ஐந்தைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தாள், ஒன்றை வெளிநாட்டுக்காரிக்கு நீட்டினாள், கடைசித் துண்டைத் தான் கடித்தாள். நறுக்கென்றது, ஐஸ் மாதிரி பல் கூசியது. சொம்பில் உதடு படவில்லை. ஆதிகேசவன் மென்றுகொண்டே, "கொஞ்சம் உப்புத் தண்ணிதான்" என்றார். வெளிநாட்டுக்காரி நோட்டை மூடிவிட்டுத் தின்றாள்.

இன்றுவரை ஜெபசெல்விக்குத் தண்ணீர் இறங்கியதில்லை, ஒடித்துத்தான் தின்கிறாள். பள்ளிப்பட்டு, அரக்கோணம் வரைக்கும் கோடையில் மேஸ்திரிகள் அவளைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். அவள் வந்தால் ஐஸ் செலவு மிச்சம்.