வாலு செத்த வீடு

தன் சாவைப் பார்க்கத் தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுத்தாளர் வாழ்ந்த வீடு அது. இப்போது அருங்காட்சியகம். மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழ்ப்பகுதியில் அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தோம். அம்மா அவருக்கு டைப் அடித்துக் கொடுத்தாள். பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்ட அவருடைய நாவலில் வாலு என்று ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வருவாள். பின்பக்கம் தரையோடு தரையாக இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போவாள். வாலு என்பது வீட்டில் என்னைக் கூப்பிட்ட பெயர். சேட்டை, வாய்த்துடுக்கு, முன்பல் சந்து எல்லாம் என்னிடமிருந்து எடுத்ததுதான். ஆனால் அந்தத் தொட்டியில் நிஜமாக விழுந்து செத்தது நான் இல்லை, என் தம்பி. நாலு வயது அவனுக்கு.

மூடியைத் திறந்தது நான். உள்ளே தலையை நீட்டிக் கத்தினால் நம் குரல் நம்மிடமே திரும்பி வரும், அந்த ஆசைக்காகத் திறந்தேன். வாசலில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் போட்டது போட்டபடி ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுக்க ஆட்கள். "யாரு திறந்தது?" என்று அப்பா கத்தினார். "தம்பிதான் திறந்தான்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த ஒரு கேள்வி என்னைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு மாடி ஜன்னலில் எழுத்தாளர் நின்றிருந்தார். அவர் பார்த்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பார். ஆனால் நாவலிலும் தம்பிதான் மூடியைத் திறக்கிறான், நான் சொன்ன அதே பொய். அதனால் அவர் பார்க்கவில்லை, அம்மாவுக்கும் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். டைப் பிரதிகளை இங்கே வைத்திருப்பதாகப் பேப்பரில் படித்தேன். அவர் முதலிலிருந்தே அப்படித்தான் எழுதினார் என்று கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி என்று கிளம்பி வந்தேன். அம்மா இருந்தவரை இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

சுற்றிக்காட்ட ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, என் மகள் வயதுதான் இருக்கும். வேலைநாள் என்பதால் என்னைத் தவிர யாரும் இல்லை.

"இதுதாம்மா வாலுவோட ரூம்" என்றாள்.

நாங்கள் அரிசி மூட்டை போட்டு வைத்திருந்த அறை அது. அதில் ஒரு குட்டிக் கட்டில், மடித்து வைத்த மஞ்சள் கவுன், ஒற்றைச் செருப்பு. நான் மஞ்சள் கவுன் போட்டதே இல்லை. தலையணையில் ஒரு குழி இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

"தலையணையில யாரு படுத்தா?"

"தினமும் காலையில நான்தாம்மா கையால அமுக்கி வைப்பேன். அப்பதான் உயிரோட்டமா இருக்கும்" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சில நாள் நான் வர்றதுக்கு முன்னாடியே குழி இருக்கும். வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

"நான் ஏன் சொல்றேன்" என்றேன். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

ஜன்னல் வழியாகத் தொட்டி தெரிந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, வாலுவின் பெயரை ஒரு கல்லில் பொறித்து, பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாம் போட்டிருந்தார்கள். கதையில் செத்தவளுக்கு நிஜக் கல். தம்பி பெயர் எங்கேயும் இல்லை. கீழ்ப்பகுதியில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். "யாரோ ஒரு குடும்பம் இருந்திருக்காங்கம்மா. விவரம் கிடைக்கல."

டைப் பிரதிகள் மாடியில் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தாள்கள், ஓரங்களில் எழுத்தாளரின் சிவப்புப் பென்சில் திருத்தங்கள். கையால் எழுதியதை டைப் ஆனதும் கிழித்துப்போட்டு விடுவாராம். ஒரு தாள் மட்டும் தனியாக, அடியில் விளக்கு வைத்த பெட்டியில் இருந்தது.

"இதைப் பார்க்கத்தாம்மா வெளியூர்லேருந்தெல்லாம் வர்றாங்க" என்றாள் அந்தப் பெண். "நாலு வயசுப் பையன் இரும்பு மூடியத் தூக்குறான். நிஜத்துல முடியுமா? அது குறியீடுன்னு எத்தனையோ பேர் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஆனா முதல்ல வேற மாதிரி எழுதியிருக்கார். விளக்கைப் போடறேன், பாருங்க."

விளக்கு எரிந்தது. 'தம்பிதான் மூடியைத் திறந்தான். வாலு எட்டிப் பார்த்தாள்.' அந்த இரண்டு வாக்கியத்தில் நாலு இடத்தில் மட்டும் தாள் மெலிந்து வெளிச்சம் கசிந்தது. சுரண்டிய எழுத்துகளின் தடம் அடியில் தெரிந்தது. வாலுதான் மூடியைத் திறந்தாள். தம்பி எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு பேரையும் இடம் மாத்திட்டார் பாருங்க. எவ்வளவு பெரிய கற்பனை!"

நான் கண்ணாடியோடு ஒட்டிக் குனிந்து பார்த்தேன். அவர் எதையும் சுரண்டித் திருத்துகிறவர் இல்லை. பக்கத்துத் தாள்களைப் பார்த்தாலே குழந்தைக்கும் புரியும். பாதி பிளேடால் சுரண்டி, மை ஊறாமலிருக்கக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்துவிட்டு, அதன்மேல் டைப் அடிப்பது அம்மாவின் வேலை. என் பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் இதே மாதிரி நகம் தேய்த்த பளபளப்பு இருந்தது. படித்த மேதாவிகள் இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட டைப் அடித்தவளைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

ஆக, அவர் பார்த்திருக்கிறார். பார்த்ததை அம்மாவிடம் வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல் டைப் அடிக்கக் கொடுத்துவிட்டார், பாவி மனுஷன். பெற்ற மகனை யார் கொன்றது என்று அவள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக அடித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அப்புறம் பிளேடை எடுத்திருக்கிறாள். என் பொய்யை, நான் சொன்ன அதே வார்த்தைகளில், அச்சுக்கு அனுப்பிவைத்தாள். அதோடு என்னைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டாள். அதற்கப்புறம் அவர் எழுதிய மிச்ச நாவல் முழுக்கத் தம்பி வளர்கிறான், படிக்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான். எல்லாவற்றையும் அவள்தான் டைப் அடித்தாள்.

தாளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரே ஒரு சரிக் குறி. அவள் மாற்றியதை ஒப்புக்கொண்டு அவர் போட்டது அவ்வளவுதான்.

என்னைக் காப்பாற்றினாளா, நான் செத்திருக்கலாம் என்று ஆசைப்பட்டாளா? இரண்டுமே இருந்திருக்கும். தினமும் எனக்குத் தலை பின்னிவிட்ட கை அது. எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அம்மா, தண்ணி தரட்டுமா? உட்காருங்க."

"மூடியைத் திறந்தது நான்தாம்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "தம்பி இல்ல. நான்தான் திறந்தேன். நான்தான் வாலு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேலியே இல்லை, கனிவாகத்தான் சொன்னாள். "மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படிச் சொல்லி அழுவாங்கம்மா. அவ்வளவு நல்லா எழுதியிருக்கார். வாலு செத்துட்டாம்மா."

நான் தலையாட்டினேன். நம்ப வேண்டியவள் நாற்பத்தோரு வருஷம் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டு, நானாக வாயைத் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஏதாவது சொல்லணுமாடி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.