இருபத்தைந்து கிலோ ஆம்பியர்

பரவைக்குப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பவதாரிணி மின் பொறியாளராக இருந்தாள். போன ஆடியில் பதினோராயிரம் வோல்ட் சுவிட்ச் பெட்டிக்கு உதிரி ஃபியூஸ் வாங்க வேண்டியிருந்தது. வழக்கமான கம்பெனியில் இரண்டு மாதமாகும் என்றார்கள். வேறொரு கம்பெனியில் உடனே கிடைத்தது. அதிலும் அதே ஆம்பியர். ஷார்ட் சர்க்யூட் ஆனால் தாங்கும் அளவும் பெட்டித் தகட்டில் இருந்த அதே இருபத்தைந்து கிலோ ஆம்பியர்தான். கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி ஃபியூஸ் போனது. எலக்ட்ரீஷியன் அழகுமலை புது ஃபியூஸை மாட்டி சுவிட்சைப் போட்டார். பெட்டி வெடித்துக் கதவு அவர் மேல் வந்து விழுந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கேபிளைச் சோதிக்காமல் அவசரப்பட்டுப் போட்டுவிட்டார் என்று நிர்வாகம் எழுதியது. பவதாரிணிக்கு மனசு ஒப்பவில்லை. கருகிய பெட்டியின் தகட்டைத் துடைத்து வாசித்தாள். இருபத்தைந்துக்குக் கீழே சின்ன எழுத்தில், இன்ன வகை ஃபியூஸ் போட்டால் மட்டுமே என்றிருந்தது. பெட்டிக்கென்று அவ்வளவு பலம் கிடையாது. மின்சாரம் உச்சத்துக்கு ஏறுமுன் அந்த ஃபியூஸ் அறுத்துவிடும் என்பதை வைத்துக் கொடுத்த எண் அது. அவள் வாங்கிய ஃபியூஸும் அறுக்கும்தான். ஆனால் பெட்டி தாங்காத அளவுக்கு மின்சாரத்தை உள்ளே விட்டபிறகு.

தொழிற்சாலை ஆய்வாளருக்கு அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். மறுவாரம் வேலை போயிற்று. அதன்பிறகு பேரையூருக்கு பஸ் ஏறி, அழகுமலையின் மனைவி முனீஸ்வரியைப் பார்க்கப் போனாள்.

முனீஸ்வரி இடைமறிக்காமல் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவரு மேல தப்பு இல்லையா?"

"கேபிளைப் பாத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுக்கா. பாக்காமப் போட்டிருந்தாலும் அந்தப் பெட்டி தாங்கியிருக்கணும். தாங்காமப் போனது நான் வாங்குன ஃபியூஸால."

முனீஸ்வரி வெகுநேரம் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பவதாரிணி கிளம்பிப் போகவும் முடியாமல், தொட்டுத் தேற்றவும் துணியாமல் நின்றாள்.

"எம்மக பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறா. அப்பா அவசரக்காரருன்னு அங்கன பேசுறாகளாம். இன்னைக்கு அடிச்சுத்தான் அனுப்பிருக்கேன்" என்றாள் முனீஸ்வரி. "நாலரைக்கு வந்துருவா. இருந்து நீங்களே சொல்லிட்டுப் போங்க."

மணி இரண்டுகூட ஆகவில்லை. பவதாரிணி சுவரோரம் உட்கார்ந்தாள்.